மூன்றேகாலுக்குத் தளரும் கம்பிகள்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. இதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கதை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். எங்கள் தீவு நகரமான ஹீலோவின் நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கு எண் இட்டு வருகிறேன். பெயர் வாலஸ் இவாசே. எண்ணில் தவறு செய்தால் எனக்கு உறக்கம் வராது. ஆகவே வேறு எதை நம்பாவிட்டாலும் நேரங்களை நீங்கள் ஐயமின்றி நம்பலாம். அனைத்தும் கைக்கடிகாரத்தைப் பார்த்து அன்றன்றே குறித்துவைத்தவை.

இன்னொன்று. இது நள்ளிரவில் நடந்ததன்று. பிற்பகலில், மூன்று மணிக்கு மேல், சமையலறையில் வானொலி பாடிக்கொண்டிருக்கும்போது நடந்தது. இரவில் நடந்திருந்தால் கனவென்று சொல்லி நான் தப்பித்திருப்பேன்.

1998ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். ஹோசேயா மகனுயி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

எங்கள் தீவுகளில் அவர் பெயர் அறியாத வீடு இல்லை. கிதார்க் கம்பிகளைத் தளர்த்தி, தனியொரு சுருதியில் கட்டி வாசிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சுருதி குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள். வாசித்து முடித்ததும் ஆறு திருகுகளையும் தளர்த்திவிட்டுத்தான் கிதாரைக் கீழே வைப்பார்கள். இல்லாவிட்டால், அடுத்து எடுத்து மீட்டுபவர் சுருதியைத் திருடிக்கொண்டு போய்விடுவார் அல்லவா? இக்காலத்தில் பலரும் அதை விட்டுவிட்டனர். கடைசி மூச்சுவரை விடாதவர் ஹோசேயா என்பது ஊர்ப்பேச்சு. அவர் கிதாரை வைத்துவிட்டு எழுந்துபோன பின் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அனைவரும் கம்பிகளைத் தளர்ந்த நிலையில்தான் கண்டார்கள்.

அவருடைய புகழின் உச்சி ஓர் இரங்கற்பாட்டு. இளம் மனைவி லிடியா, தான் பிறந்த தீவான கவாயில் 1961இல் காய்ச்சலில் இறந்தாராம். ஹோசேயா மூன்று நாள் கடற்பாறையில் பட்டினி கிடந்து அந்தப் பாட்டைக் கட்டினாராம். தன் சுருதிக்கும் 'லிடியா' என்றே பெயர் வைத்தாராம். திருமண விருந்தில் யாராவது அதை வாசித்தால்கூட மணமகளின் தாய் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வருவார்.

வளைகுடாவை ஒட்டிப் புதிதாகக் கட்டிய மன்றத்துக்கு அவர் பெயரை வைக்க முடிவாயிற்று. சனிக்கிழமை திறப்பு விழா. இசைச் சங்கத் தலைவர் வில்பர்ட் அங்கிள் எனக்கு இரண்டு பணிகள் தந்தார். வாசலில் நிறுத்தும் கல்லுக்கு நான்கு வரி எழுத வேண்டும். ஹோசேயாவின் கிதாரை லிடியா சுருதியில் கட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குத் தயார் செய்ய வேண்டும். தேவாலயத்தில் சிறிதளவு வாசிப்பவன் என்பதாலும், மறுத்துப் பேசத் தெரியாதவன் என்பதாலும் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். நான் பெருமையுடன் ஒப்புக்கொண்டேன். என் வாழ்வின் முதல் எழுத்து அச்சில் அன்று, கல்லில் ஏறப்போகிறது!

திங்கட்கிழமை பிற்பகல் 2.25க்கு ஹோசேயாவின் மகள் ரோஸ்லானியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். நல்ல மழை.

"மன்னிச்சுக்குங்க மேடம். நேரம் தப்பி வந்துட்டேனோ?"

"மேடமா? விடியக்காலை நாலு மணியிலருந்து மீன் வயித்தைக் கீறிட்டு வந்திருக்கேன். கிட்ட வந்து மோந்து பாருங்க, அப்புறம் மேடம்னு சொல்லுங்க."

அவருக்கு நாற்பத்தைந்து வயது. மணமாகவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்த வளையங்கள். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். கல்லுக்கு எழுதிய நான்கு வரிகளை மரியாதையுடன் அவரிடம் நீட்டினேன். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. 'அன்பு மனைவி லிடியா, 1931 – 1961.'

"இந்த வரிய எடுத்துடுங்க, வாலஸ்."

"ஏதும் பிழையாங்க?"

"பாட்டுல இருக்கட்டும். ரெக்கார்டுல இருக்கட்டும். கல்லுல மட்டும் வேணாம்."

"காரணம் கேட்டா சங்கத்துல என்ன சொல்ல..."

"சொல்ல மாட்டேன்னு பைபிள் மேல கை வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. கெஞ்சவும் தெம்பில்ல, சண்டை போடவும் தெம்பில்ல."

சங்கத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

ஹோசேயாவின் அறை வீட்டின் பின்புறம் இருந்தது. ஒரே கதவு. ஒரே சன்னல், அதன் கண்ணாடிப் பட்டிகள் கீல் துருவேறித் திறக்க முடியாமல் இறுகியிருந்தன. கட்டிலின் மேல் கிதார். உள்ளே யாரும் இல்லையென்று தெரிந்தும் கதவைத் தட்டி, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தேன். அவருடைய இசைத்தட்டைப் பலமுறை கேட்டு ஊகித்துவைத்திருந்த லிடியா சுருதியை 2.40 முதல் 3.05 வரை சேர்த்தேன். சுத்தமாக நின்றது. சமையலறைக்குப் போய், ரோஸ்லானி தந்த காப்பியைக் குடித்தேன்.

3.22க்குத் திரும்பினேன்.

ஆறு கம்பிகளும் தளர்ந்திருந்தன.

பழைய கம்பி, மழை ஈரம் என்று எண்ணிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை புதிய கம்பிகள் வாங்கிப் போனேன். கட்டி, சுருதி சேர்த்து, அறைக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மணி 3.04. சமையலறை மேசையில் ரோஸ்லானி சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

3.15.

கிரிக்... கிரிக்... கிரிக்... கிரிக்...

சிறிது இடைவெளி. மீண்டும் நான்கு. நான் எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில். ஆறு முறை, நான்கு நான்காக. இருபத்துநான்கு.

ரோஸ்லானி தலை நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டி வானொலியின் ஒலியைக் கூட்டினார்.

"எலியா இருக்குமோ?" என்றேன்.

"எலிக்குத் திருகு திருப்பத் தெரியுமா, வாலஸ்?"

பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஆறு கம்பிகளும் ஒரே அளவாகத் தளர்ந்து, குறுக்கே படுத்துக் கிடந்தன. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அறையில் எப்போதும் பழைய புகையிலை நாற்றம்தான் இருக்கும். அப்போது இருந்தது வேறு. கஞ்சி போட்ட துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஓடினால் வருமே, அந்த வாசனை...

 உண்மையைச் சொல்வதானால், அச்சத்துடன் உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. மாமேதை தன் சுருதியை இறந்தும் காக்கிறார்! மாலையில் வில்பர்ட் அங்கிளைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"அடி சக்கை! நாளைக்குக் காலையில ரேடியோவுல சொல்லிடுறேன் பாரு!"

"அங்கிள், மன்னிச்சுக்குங்க... அந்தக் கடைசி வரியை எடுத்துடலாமான்னு அவங்க மகள்..."

"எடுக்குறதா? அந்த வரி இல்லாட்டி அது வெறும் பாறாங்கல்லுய்யா! அந்தம்மா செத்ததாலதான் அந்தப் பாட்டு. அந்தப் பாட்டாலதான் அந்த மனுஷன். கோனா பக்கம் ஒரு தடவையாவது கச்சேரிக்குப் போயிருக்காரா? ஏன் தெரியுமா? அங்கதான் ரெண்டு பேரும் தேனிலவு போனாங்க. தாங்க மாட்டாரு."

"சரிங்க அங்கிள்."

புதன்கிழமை காலை நகரம் முழுவதும் அதைக் கேட்டது. மீன் சந்தையில் ரோஸ்லானியும் கேட்டிருக்கிறார். 2.20க்கு நான் போனபோது வாசற்படியிலேயே நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

"அப்பா எங்க தளர்த்தினாரு? வாழ்க்கையில ஒரு தடவகூட அவர் தளர்த்தினது இல்ல. கிதாரை ஒரு பக்கம் போடுவார், பாட்டிலை ஒரு பக்கம் போடுவார், அவர் ஒரு பக்கம் விழுவார்."

"அப்படின்னா..."

"அம்மா. அது அம்மாவோட குடும்பத்துச் சுருதி. கல்யாணத்துக்கு முன்னாடி சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுத் திருடினாரு. பேரு வச்சது மட்டும்தான் நெஜம். மத்தியானம் தூங்கி எழுந்து, மூணு மணிக்கு மேல கிதாரை எடுத்து முறுக்குவார். அவர் வைச்சதும் அம்மா போய்த் தளர்த்துவாங்க. ஒருநாள் பாத்துட்டாரு. கிதார்ப் பெட்டி மூடியை அம்மா கை மேல சாத்தினாரு. ஆள்காட்டி விரல், நடுவிரல், ரெண்டும் அப்புறம் மடங்கவே இல்ல. அப்ப எனக்கு எட்டு வயசு."

நான் குடையை மடக்கக்கூட மறந்து நின்றேன்.

"அம்மா இந்த வீட்டுல இல்லாம போன அப்புறமும் அது தளர்ந்துட்டேதான் இருந்துச்சு. முப்பத்தாறு வருஷம். அந்தப் பயத்துலயே குடிச்சாரு. கிதாரை மாருல கட்டிக்கிட்டுத் தூங்குவார். மூணேகாலுக்கு மேல பாத்தா தளர்ந்திருக்கும். வெளியில யாரு கிட்டயும் சொல்லல. ஊர்க்காரங்கதான் 'ஆகா, பழைய வழக்கத்தை விடாதவரு'ன்னாங்க. இவரும் தலையாட்டினாரு."

"அவரை நான் ரொம்ப உயர்வா..."

"முழுசாக் கெட்டவரா இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம், வாலஸ். எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கஞ்சி ஊட்டுவார். அதுதான் அலுப்பு."

அன்று நான் கம்பிகளைத் தொடவில்லை. செவ்வாயன்று தளர்ந்தவை தளர்ந்தபடியே இருந்தன. யார் என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தேன். துணிவினால் அன்று. பட்டியலில் ஒரு பதிவு தவறாக ஏறியிருக்கும்போது அதைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. 2.50க்கு உள்ளே போய், கதவைத் திறந்து வைத்து, அருகிலிருந்த மர நாற்காலியில் அமர்ந்தேன். மடியில் குறிப்பேடு.

3.06. மழை நின்றது. கூரை ஓரத்திலிருந்து நீர் மட்டும் சொட்டியது.

3.10. புகையிலை நாற்றம். அதனுடன் மதுவின் நெடி. சற்று முன்வரை இல்லாதது.

3.11. கட்டிலின் இடது ஓரத்தில் மெத்தை மெல்ல அமிழ்ந்தது. கனத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்தாற்போல... கீச்ச்ச்...

யாரும் இல்லை.

3.12. முதல் திருகு அசைந்தது. என் கண்ணால் பார்த்தேன். இறுகியது. கிடந்த கம்பி எழுந்து நின்று முனகியது. சுருதியைத் தாண்டிப் போயிற்று. திரும்பியது. மீண்டும் தாண்டியது. போதையில் இருப்பவர் சேர்க்கும் சுருதி.

ஆறும் இறுகின.

அமைதி.

3.15. கஞ்சி வாசனை. இஸ்திரிச் சூடு.

கிரிக்... கிரிக்... கிரிக்... கிரிக்...

இப்போது எதிர்ப்பக்கமாக. மெதுவாக. அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றிலும் நான்கு.

மெத்தையைப் பார்த்தேன். பள்ளம் இடப்பக்கம் மட்டுமே. வலப்பக்கத்தில், திருகுகள் சுழலும் பக்கத்தில், விரிப்பில் ஒரு மடிப்புகூட விழவில்லை. அங்கே இருப்பதற்கு எடையே இல்லை.

மீண்டும் இறுகின.

மீண்டும் தளர்ந்தன.

மீண்டும்.

இடப்பக்கம் மூச்சு வாங்கியது. வலப்பக்கம் மூச்சே இல்லை.

எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் என்னை அச்சுறுத்த வரவில்லை. நான் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. முடியாத ஒரு சண்டை நடக்கும் அறைக்குள் நான்தான் அழைக்காமல் வந்திருக்கிறேன்...

ஏழாவது முறை.

பாதியில் நின்றது.

பள்ளம் நகர்ந்தது.

என் பக்கமாக.

கட்டிலின் விளிம்புக்கு.

என் முகத்தில் மதுவின் நெடி...

"மன்னிச்சுக்குங்க..." என்றேன்.

டொப்.

ஆறு கம்பிகளும் ஒரே கணத்தில் தளர்ந்து விழுந்தன. பள்ளம் மறைந்தது. 3.31.

சமையலறைக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. குறிப்பேட்டின் பக்கம் கையில் கசங்கியிருந்தது.

"எத்தனை தடவை?" என்றார் ரோஸ்லானி.

"ஏழு."

"பரவாயில்ல. இருபதுகூட எண்ணியிருக்கேன்." முகத்தை இரு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். "செத்தும் விடல பாருங்க இந்த மனுஷன். வாலஸ், உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். அந்த வரி கல்லுல ஏறக் கூடாது."

வியாழக்கிழமை நூலகத்தில் 1961ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களின் படச்சுருள்களைத் தேடினேன். லிடியா மகனுயியின் இரங்கற்செய்தி எங்கும் இல்லை. எங்கள் ஊர்த் தாளிலும் இல்லை. ஹொனலூலுவிலிருந்து வந்த தாளிலும் இல்லை. கவாயில் இறந்தவர், அங்கே அச்சிட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அட்டவணைப் பிரிவில் இருப்பவன் செய்யக் கூடாத தவறு அது. இல்லாத பதிவை, வேறிடத்தில் இருக்கும் என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

மாலையில் வில்பர்ட் அங்கிளை நேரில் பார்த்து, ரோஸ்லானி சொன்னதைச் சொன்னேன். மல்லிகை மாலைகளுக்குக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உண்மையை யாருய்யா கேட்டா? குடிச்சாரு, அடிச்சாரு, சரி. கல்லுல அதையா போடுவாங்க? ஊருக்கு அழ ஒரு இடம் வேணும். அது இருந்துட்டுப் போகட்டும். மெண்டோன்சா கிட்டக் குடுத்தாச்சு. நாளைக்கு வெட்டி முடிச்சிடுவான்."

"சரிங்க அங்கிள்" என்றுதான் அப்போதும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் சாப்பாட்டைப் பிரிக்காமலே வைத்தேன். 1.43க்குக் கல் செதுக்கும் மெண்டோன்சாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கடைசி வரி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"லிடியா போட்டாச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு போட்டாச்சு. கோடும் போட்டாச்சு. செத்த வருஷம் மட்டும்தான் பாக்கி. சாப்பிட்டுட்டு இப்பத்தான் உளியை எடுத்தேன்."

"கீழ வைங்க. அந்த வருஷத்தை வெட்டாதீங்க."

"வில்பர்ட் சொன்னாரா?"

"இல்ல. எழுதினவன் நான். நான்தான் சொல்றேன்."

"கோட்டுக்கு அப்புறம் மொட்டையா நிக்குமே?"

"நிக்கட்டும்."

வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விழா. கல்லில் பாதியில் நின்ற வரியைப் பார்த்து வில்பர்ட் அங்கிள் என்னிடம் பல்லைக் கடித்தார். கூட்டத்தினரிடம் செதுக்கியவரின் மறதி என்று சொல்லிச் சமாளித்தார். காலையில் நான் சுருதி சேர்த்த கிதார், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. இருநூறு பேருக்கு மேல் இருந்தனர். ரோஸ்லானியின் அருகில் நின்றேன்.

3.12க்கு ஒரு திருகு அசைந்தது.

முதலில் முன்வரிசையினர் பார்த்தனர். "ஹோசேயா அங்கிள் வந்துட்டாரு!" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் எழுந்து நின்றது. கண்ணாடிக்குள் கம்பிகள் இறுகின... மேலும் இறுகின... சுருதியைத் தாண்டி, அலறலாக ஏறின.

3.15.

நான் காத்திருந்தேன்.

3.16.

தளரவில்லை.

3.17.

பட்டீர்.

ஒரு கம்பி அறுந்து கண்ணாடியில் அடித்தது. பிறகு இன்னொன்று. மக்கள் கை தட்டினர். அழுதனர். கண்ணாடியின் மேல் மாலைகளை வீசினர். வில்பர்ட் அங்கிள் ஒலிபெருக்கியில், "நம்ம மேல உள்ள பாசம் தாங்காம கம்பியே அறுந்துடுச்சு!" என்றார்.

ரோஸ்லானி என் சட்டைக் கையைப் பிடித்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"தளரல, வாலஸ்... ஏன் தளரல?"

"அவங்க ஆன்மா சாந்தியாகி..."

"வாயை மூடுங்க. காரை எடுங்க. கோனாவுக்கு."

எங்கள் தீவின் மறுகரைதான் கோனா; தீவைச் சுற்றி ஓட்டினேன். ரோஸ்லானி வழி நெடுகப் பாதுகாப்பு வாரை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். 6.14க்கு ஒரு முதியோர் இல்லத்தின் முன் நிறுத்தச் சொன்னார். நடைவழியில் ஏறத்தாழ ஓடினார். கடைசி அறை. கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை.

லிடியா காயிமானா. பிறப்பு 1931.

அந்த அட்டையை நான் நான்கு முறை படித்தேன்.

வெள்ளை விரிப்பின் மேல் மெலிந்த ஓர் அம்மையார் கண் மூடிக் கிடந்தார். மார்பு ஏறி இறங்கியது. வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டி நின்றன.

ரோஸ்லானி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருக்காங்க" என்றார். "இருக்காங்க."

செவிலியர் பூரிட்டா வந்தார். பிலிப்பினோ பெண்மணி. தாழ்ந்த குரலில் பேசினார்.

"நானே போன் பண்ணணும்னு இருந்தேன் அக்கா. பக்கவாதம் வந்து ஒன்பது வருஷம் ஆச்சுல்ல, ஒருநாள் தவறாம மூணேகாலுக்கு அந்தக் கை தூக்கும். கட்டை விரலும் மோதிர விரலும் சேர்ந்து காத்துல எதையோ திருகும். நாலு நாலா. நாங்க கடிகாரத்தையே அதைப் பாத்துத்தான் சரி பண்ணுவோம். நேத்துத் தூக்கல. இன்னைக்கும் தூக்கல."

"நேத்து ஏதாவது..."

"பேசினாங்க அக்கா! ஒன்பது வருஷம் கழிச்சு! மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு. நான் சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்தேன். கண்ணைத் திறந்து, சிரிச்சாங்க. 'மன்னிச்சுக்குங்கன்னு சொல்லாம இன்னைக்குத்தான் பேசினான்'னு சொன்னாங்க. யாரைச் சொன்னாங்கன்னு தெரியல."

குறிப்பேட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை மெண்டோன்சாவிடம் பேசிய நேரத்தைப் பார்த்தேன்: 1.43.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பாதி வழிக்கு மேல்தான் ரோஸ்லானி வாய் திறந்தார். கணவரிடமிருந்து தப்பி, தன் தாயின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, கோனாவில் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தாராம் லிடியா. ஹோசேயாவுக்கு அது தெரியும். செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். பாட்டு ஓடிவிட்டது. பிறகு எப்படித் திருப்பி எடுப்பது?

"எனக்கு முப்பது வயசுல அம்மா கிட்டேருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. அப்பா என்னை பைபிள் மேல கை வைக்கச் சொன்னாரு. அம்மாவும் வேணாம்னுட்டாங்க. 'செத்தவ கிட்ட யாரும் வந்து எதுவும் கேக்க மாட்டாங்க, நிம்மதி'ன்னாங்க. ஒண்ணு சொல்லட்டுமா, வாலஸ்? செத்துட்டாங்கன்னு நெனச்ச வரைக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பயமே இல்ல. அம்மா வந்து தளர்த்துறாங்கன்னு படுத்துத் தூங்கிடுவேன். உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான்... தூக்கம் போச்சு."

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். எதிரில் ஒன்றுமில்லை. கால் தானாகத் தளர்ந்தது.

அவர் சொன்ன கடைசிச் செய்தியை மட்டும் அவர் சொன்னபடியே எழுதிவிட்டு விடைபெறுகிறேன். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. இருக்கும் என்று பிழையாக நிரப்பவும் மாட்டேன். அந்த இரங்கற்பாட்டு முதன்முதலாக வானொலியில் வந்த நாள். கோனாவின் சலவைக்கூடத்தில் பதினோரு பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தனர். பாடகர் தன் இறந்த மனைவியின் பெயரைச் சொல்லி அழுதார். லிடியாவின் இருபுறமும் நின்ற பெண்கள் விசும்பி அழுதார்கள். லிடியா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்துவிட்டு, தான் இறந்துபோன பாட்டைக் கடைசி வரை கேட்டார்.

"அழுதாங்களா?" என்றேன்.

"இல்லையாம். 'மூணாவது கம்பி ஏறியிருக்கு, தளர்த்தணும்'னு சொல்லிட்டு, அடுத்த விரிப்பை எடுத்தாங்களாம்."